முதலில் வழித்தடம், அப்புறம் வண்டி

லாரிகளும் வேன்களும் பேருந்துகளும் வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள், கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எலக்ட்ரிக் வாங்கலாமா, கேஸ் வண்டிக்குப் போகலாமா, இல்லை ஹைட்ரஜன் வரும்வரை பொறுத்திருக்கலாமா? அவர்களோடு உட்கார்ந்து எரிபொருள் கணக்குப் பார்ப்பது என் வேலை. நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்கள் வண்டி ஒவ்வொன்றும் நேற்று எங்கே போனது, எவ்வளவு சுமையோடு போனது, வழியில் எங்கே எவ்வளவு நேரம் நின்றது, ராத்திரி எந்த இடத்தில் நிறுத்தப்பட்டது? பலரிடம் இதற்கு உடனே பதில் இருப்பதில்லை. டீசல் பில் இருக்கும், ஆனால் எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரே தொகையாக இருக்கும். அந்த ஒரே தொகையை வண்டிவாரியாக, டிரிப்வாரியாகப் பிரித்துப் பார்க்காமல் எந்த எரிபொருள் நல்லது என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஸ்விட்சர்லாந்தில் இருக்கிறது. பீல் நகருக்கு அருகே ஒரு சிமென்ட் ஆலைக்குக் கல் சுமக்கும் பெரிய டம்பர் லாரி. அதன் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டுச் சுமார் 600 யூனிட் பிடிக்கும் பேட்டரியைப் பொருத்தினார்கள். (இந்தக் கட்டுரை முழுவதும் யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி.) குவாரி மலைமேல் இருக்கிறது, கல்லைக் கொட்டுகிற இடம் கீழே. வண்டி காலியாக 45 டன் எடையோடு ஏறும். 65 டன் கல்லை ஏற்றிக்கொண்டு 110 டன்னாக இறங்கும். இறங்கும்போது பிரேக் பிடிக்கிற வேலையை மோட்டாரே செய்து, அந்த ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஏறச் செலவானதை இறங்கும்போதே மீட்டுவிடும் அளவுக்குக் கணக்கு நேராகிறது. இதே வண்டியைச் சமவெளியில் ஓட்டினாலோ, சுமையைக் கீழிருந்து மேலே கொண்டுபோகச் சொன்னாலோ இது நடக்காது. மாறியது பேட்டரியோ மோட்டாரோ இல்லை, பாதை.

சரி, டீசலின் கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு லிட்டரின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவாக இருக்கும்போது அதிலிருந்து இரண்டரைக் கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். டீசலில் உள்ள கார்பன், எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்கிறது. அந்த ஆக்சிஜனின் எடையும் சேர்ந்துதான் 2.68. கச்சா எண்ணெயைத் தோண்டி, சுத்திகரித்து, பங்க் வரை கொண்டுவருவதில் உண்டாகும் உமிழ்வையும் சேர்த்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 3.2 கிலோ ஆகும். 40 டன் டிரெய்லர் லாரி ஒன்று நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் குடிக்கிறது, ஆண்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், புகைக்குழாய் வழியாக மட்டும் 80 டன். ஒரே ஒரு வண்டி! ஐரோப்பிய ஒன்றியத்தின் சாலைகளில் ஓடும் வாகனங்களில் லாரிகளும் பேருந்துகளும் சுமார் 2 சதவீதம்தான். சாலைப் போக்குவரத்து வெளியிடும் பசுங்குடில் வாயுக்களிலோ கால் பங்குக்கு மேல் அவற்றுடையது. சில நூறு வண்டிகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் போக்குவரத்து மேலாளர் எடுக்கிற முடிவு எவ்வளவு பெரியது என்பதை இந்த எண்களிலிருந்து பார்க்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். எங்கள் வண்டியெல்லாம் புது ரகம், யூரோ 6, யூரியாக் கரைசல் ஊற்றுகிறோம், அதனால் ஏற்கெனவே பசுமைதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். யூரோ 6 போன்ற தரங்கள் கட்டுப்படுத்துவது நைட்ரஜன் ஆக்சைடுகளையும் நுண்துகள்களையும். மக்கள் சுவாசிக்கும் காற்றுக்கு அது பெரிய நன்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கரியமில வாயுவை எந்த வடிகட்டியும் பிடிப்பதில்லை. எத்தனை லிட்டர் எரிந்ததோ அத்தனை 2.68 கிலோ வெளியே போயே தீரும். எனவே குறைக்க இரண்டே வழி: லிட்டரைக் குறைப்பது, அல்லது அந்த லிட்டருக்குப் பதிலாக வேறொன்றைப் போடுவது. முதல் வழிக்குப் புது வண்டி வேண்டாம். நாளைக் காலையிலேயே ஆரம்பிக்கலாம்.

வேகத்தை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையோடு நெடுஞ்சாலையில் ஓடும் லாரியின் சக்கரங்களுக்குப் போய்ச் சேரும் ஆற்றலில் கிட்டத்தட்ட பாதி காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கும், மீதிப் பாதி டயர் உருளும்போது அமுங்கி விரிவதற்கும் போகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 90 கிலோமீட்டர் வேகத்தை 80 ஆக்கினால் அந்தத் தடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மொத்த டீசலில் பத்தில் ஒரு பங்குக்கு அருகில் மிச்சம். இதற்குக் கொடுக்கிற விலை 100 கிலோமீட்டருக்கு 8 நிமிடங்களும் சில விநாடிகளும். அந்த எட்டு நிமிடத்தை மிச்சப்படுத்த விரட்டிக்கொண்டு வந்த வண்டி, கிடங்கு வாசலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பதை எத்தனையோ பதிவேடுகளில் பார்க்கிறேன். வாசலில் இறக்குகிற நேரத்தை ஒழுங்குபடுத்தினாலே ஓட்டுநர் விரட்ட வேண்டிய தேவை போய்விடும். அப்படியானால் சாலையில் எரியும் டீசலின் ஒரு பகுதிக்குக் காரணம் கிடங்கின் கால அட்டவணை. இதை எந்த இன்ஜின் தயாரிப்பாளராலும் சரிசெய்ய முடியாது.

நின்றபடியே இன்ஜின் ஓடுவது இன்னொன்று. நெடுந்தூர லாரி சும்மா நிற்கும்போது மணிக்குச் சுமார் 3 லிட்டர் எரிக்கும். ஓட்டுநர் கேபினில் படுத்திருக்கும் ஆறு மணி நேரத்தில் 18 லிட்டர், அதாவது 48 கிலோ கரியமில வாயு. இதற்காக ஓட்டுநரைத் திட்டுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. வெயிலிலோ கடுங்குளிரிலோ ஒரு மனிதர் தூங்க வேண்டும், தூங்கினால்தான் மறுநாள் பத்திரமாக ஓட்டுவார். கேபினுக்குத் தனியாக ஒரு சிறிய பேட்டரி ஏசியோ ஹீட்டரோ கொடுத்தால் இன்ஜினை அவரே அணைத்துவிடுவார். அதை வாங்கிக் கொடுக்காமல் சுவரில் அறிவிப்பு ஒட்டுவதில் பயனில்லை.

டயரில் காற்று, டிரெய்லரின் பக்கவாட்டுத் தடுப்பு, கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவே உள்ள இடைவெளி என்று இப்படிச் சின்னச் சின்னதாக நிறைய உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004இல் தொடங்கிய ஸ்மார்ட்வே திட்டம் இந்த மாதிரி விஷயங்களைத்தான் பல ஆண்டுகளாகச் சோதித்து, சரிபார்த்து, பட்டியலிட்டு வருகிறது. வண்டி வைத்திருப்பவர்களும் சரக்கு அனுப்புபவர்களும் ஒரே கணக்கு முறையில் பேச அது வழி செய்தது. ஒவ்வொன்றும் தருவது ஓரிரு சதவீதம்தான், ஆனால் சேர்த்தால் கணிசம். பராமரிப்பு தளர்ந்தால் அதே வேகத்தில் கைவிட்டும் போகும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது காலி டிரிப். ஐரோப்பாவில் சரக்கு லாரிகள் ஓடும் தூரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெறும் வண்டியாகத்தான் ஓடுகிறது. நன்றாக ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தை என்று சொல்லப்படும் இடத்திலேயே இந்த நிலை. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் திரும்பும் ஒவ்வொரு லாரியும் யாருக்கும் எதையும் கொண்டுபோகாமல் டீசலை எரிக்கிறது. போட்டி நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று தகவல் கொடுக்கத் தயங்குவது இதற்கு ஒரு காரணம். டேங்கர், குளிர்சாதன வண்டி, சிமென்ட் வண்டி என்று வண்டியின் வகையே வேறு சுமையை ஏற்க விடாதது இன்னொரு காரணம். இரண்டாவதை மாற்றுவது கடினம். முதலாவதை நடுவில் ஒரு பொதுவான ஏற்பாடு இருந்தால் மாற்ற முடியும், மாற்றியும் இருக்கிறார்கள். பாதை திட்டமிடலிலும் அப்படித்தான். யுபிஎஸ் நிறுவனம் 2010களில் அமெரிக்காவில் கொண்டுவந்த ஓரியன் என்ற மென்பொருள், விநியோக வேன் எந்த வரிசையில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. இதனால் ஆண்டுக்கு 10 கோடி மைல் ஓட்டம் குறைந்ததாக அந்த நிறுவனம் சொல்கிறது. வண்டி அதே வண்டி, எரிபொருளும் அதே எரிபொருள்தான்.

இந்த இடத்தில் ஓட்டுநர்களைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே சுமை, ஆனால் இரண்டு ஓட்டுநர்களின் மைலேஜ் இரண்டு விதமாக இருக்கும். எங்கே கால் எடுக்க வேண்டும், எந்த ஏற்றத்துக்கு முன்பே வேகம் சேர்க்க வேண்டும், எந்த சிக்னலை நிற்காமல் உருண்டே கடக்கலாம் என்பது அனுபவத்தில் வருகிற கைத்திறன். வண்டியில் கண்காணிப்புக் கருவி மாட்டியதும் பல நிறுவனங்கள் அதைத் தண்டிக்கும் கருவியாக்கிவிடுகின்றன. யார் திடீர் பிரேக் போட்டார், யார் அதிக நேரம் நின்றார் என்று பெயர் போட்டுப் பட்டியல் ஒட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் ஓட்டுநர்கள் அந்தக் கருவியை எதிரியாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அதே தகவலை வைத்து, மிச்சமான டீசலில் ஒரு பங்கை அவர்களுக்கே கொடுக்கும் இடங்களில் நிலைமை வேறு. நன்றாக ஓட்டுபவரைப் பயிற்சியாளராக்கி மற்றவர்களோடு அனுப்பினால், வெளியிலிருந்து வரும் ஆலோசகர் சொல்வதைவிட அது எடுபடும். எந்தச் சாலையில் எந்த நேரம் நெரிசல், எந்தக் கிடங்கில் இறக்க ஆள் வர மாட்டார் என்பதையெல்லாம் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும் என்பதை நான் எல்லா இடத்திலும் வற்புறுத்துகிறேன்.

இவ்வளவும் செய்த பிறகுதான் எரிபொருள்.

தாவர எண்ணெயில் இன்ஜின் ஓட்டுவது புதிய யோசனை இல்லை. 1900இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இன்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். இன்று இதில் இரண்டு வகை உண்டு, அவற்றைப் போட்டுக் குழப்பக் கூடாது. ஒன்று வழக்கமான பயோடீசல். எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியவைத்துத் தயாரிப்பது. டீசலோடு கலந்து பயன்படுத்துவார்கள். இந்தோனேசியா 2025இல் 40 சதவீதக் கலப்புக்கு வந்துவிட்டது. இது ஈரத்தை உறிஞ்சும், தொட்டியின் அடியில் நுண்ணுயிர்கள் வளர இடம் கொடுக்கும், பழைய தொட்டியில் படிந்த கசடைக் கரைத்து எடுத்துவருவதால் மாறிய புதிதில் ஃபில்டர் அடைக்கும். லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றலும் டீசலைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு. இதெல்லாம் தெரிந்து ஃபில்டரைச் சீக்கிரம் மாற்றி, தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் நன்றாகவே ஓடும். தெரியாமல் ஊற்றினால் வண்டி நடுவழியில் நிற்கும், பழி எரிபொருள்மேல் விழும்.

இன்னொன்று எச்.வி.ஓ. அதே எண்ணெயையும் கொழுப்பையும் ஹைட்ரஜனைக் கொண்டு பதப்படுத்தி, வேதியியல்ரீதியாக டீசலைப் போலவே ஆக்கிவிடுவது. பல லாரித் தயாரிப்பாளர்கள் தங்கள் இன்ஜின்களில் இதை அப்படியே ஊற்ற அனுமதி கொடுத்திருக்கிறார்கள். வண்டியை மாற்றாமல், பங்க் குழாயை மாற்றாமல், உமிழ்வைக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை. கழிவு எண்ணெயிலிருந்து தயாரித்தால், மூலப்பொருளிலிருந்து சக்கரம் வரை கணக்கிட்டு 90 சதவீதம் வரை குறையலாம். ஆனால் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காட்டை அழித்த நிலத்தில் வளர்ந்த எண்ணெய்ப்பனையின் பாமாயில் என்றால் டீசலைவிட மோசமாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் பாமாயிலை நில மாற்ற ஆபத்து அதிகமுள்ள மூலப்பொருளாக வகைப்படுத்தி, 2030க்குள் அதைப் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் கணக்கிலிருந்து விலக்க முடிவெடுத்ததற்குக் காரணம் இதுதான். பொரித்து முடித்த எண்ணெயோ உலகத்தில் அளவோடுதான் கிடைக்கும். விமானங்களும் அதையே கேட்கின்றன. எனவே என் கருத்து இது: பேட்டரியால் இன்னும் எட்ட முடியாத வண்டிகளுக்காக இந்த எரிபொருளை ஒதுக்கி வைக்க வேண்டும். நாள் முழுக்க ஒரே ஊருக்குள் சுற்றும் வேனுக்கு இதை ஊற்றுவது வீண்.

இயற்கை எரிவாயு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். ஒரே அளவு ஆற்றலுக்கு மீத்தேன் வெளியிடும் கரியமில வாயு டீசலைவிடக் கால் பங்கு குறைவு என்பது உண்மை. ஆனால் கேஸில் ஓடும் தீப்பொறி இன்ஜினின் திறன் டீசல் இன்ஜினைவிடக் குறைவு என்பதால் அந்தக் கால் பங்கு 15 சதவீதம் அளவுக்குச் சுருங்கிவிடும். அப்புறம் கசிவு. எரியாமல் தப்பும் மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 30 மடங்கும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கிணற்றிலிருந்து குழாய், தொட்டி, இன்ஜின் வரை நூற்றில் இரண்டு பங்கு கசிந்தாலே மிச்சமான அத்தனையும் போய்விடும். ஊர்க்காற்றின் புகைக்காகக் கேஸுக்கு மாறினோம் என்றால் அது வேறு நியாயம், கார்பனுக்காக என்றால் லாபம் சொற்பம். சாணத்திலிருந்தும் குப்பையிலிருந்தும் எடுக்கும் பயோமீத்தேன் மட்டும் விதிவிலக்கு. அது எப்படியும் வானத்துக்குப் போயிருக்கும். பிடித்து எரிப்பதே லாபம்.

ஹைட்ரஜன் லாரியின் பின்னால் வருவது தண்ணீர்தான். ஹூண்டாய் 2020இல் ஸ்விட்சர்லாந்தில் இவற்றை வணிக ஓட்டத்துக்கு விட்டது, அங்கே நீர்மின்சாரத்தில் ஹைட்ரஜன் தயாரிக்க வசதி இருந்தது. உலகில் பெரும்பாலான ஹைட்ரஜன் இன்றும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே வருகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுக்க 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியேறும். பெரிய லாரி 100 கிலோமீட்டருக்குச் சுமார் 8 கிலோ ஹைட்ரஜன் கேட்கும். பெருக்கிப் பாருங்கள், டீசல் லாரியின் புகைக்குழாய் அதே தூரத்துக்கு வெளியிடும் 80 கிலோவுக்கே வந்து நிற்கிறோம். தண்ணீரைப் பிரித்துத் தயாரித்தால் கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம். அழுத்தி நிரப்புவதையும் சேர்த்தால் 100 கிலோமீட்டருக்கு 450 யூனிட் பக்கம் வரும். அதே தூரத்தைப் பேட்டரி லாரி 140 யூனிட்டில் முடித்துவிடும். சுத்தமான மின்சாரம் கொட்டிக் கிடக்கும் இடங்களிலும், நிறுத்திச் சார்ஜ் செய்யவே முடியாத வேலைகளிலும் ஹைட்ரஜனுக்கு இடம் இருக்கலாம். பெரும்பாலான டிப்போக்களுக்கு, அதற்காகக் காத்திருப்பது என்பது இன்னும் பல ஆண்டுகள் டீசலையே எரிப்பதற்குச் சமம்.

பேட்டரி வண்டிக்கு வருவோம். அது பசுமையா என்பது பிளக்கின் மறுமுனையைப் பொறுத்தது. 40 டன் லாரிக்குக் கிலோமீட்டருக்கு 1.25 யூனிட், சார்ஜ் ஏற்றும் இழப்போடு 1.4 யூனிட் என்று வைப்போம். உலக மின்சாரத்தின் சராசரி 2023இல் யூனிட்டுக்குச் சுமார் 480 கிராம் கரியமில வாயு. அந்தச் சராசரியில் 100 கிலோமீட்டருக்கு 67 கிலோ. டீசல் லாரிக்கு எண்ணெய்க் கிணறு வரை சேர்த்து 96 கிலோ. நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் பெரும்பங்கு உள்ள, யூனிட்டுக்கு 50 கிராம் அளவுள்ள இடத்தில் வெறும் 7 கிலோ. நிலக்கரியையே பெரிதும் நம்பும் 700 கிராம் மின்சாரம் என்றால் 98 கிலோ, டீசலுக்கு நிகர்! இதை மறைத்துப் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஏனென்றால் மறைத்தால், பின்னால் இந்தக் கணக்கைக் கண்டுபிடிப்பவர் முழு முயற்சியையுமே பொய் என்று ஒதுக்கிவிடுவார். முழுதாகச் சொன்னால் கணக்கு நல்லதாகவே தெரியும். இன்று வாங்கும் வண்டி பத்து ஆண்டுக்கு மேல் ஓடும். டீசலின் 2.68 அந்தப் பத்து ஆண்டும் 2.68தான். மின்சாரமோ, காற்றாலையும் சூரியத் தகடும் சேரச் சேர ஆண்டுக்கு ஆண்டு சுத்தமாகிறது. டிப்போக் கூரையிலேயே சூரியத் தகடு போட்டால் அதன் ஒரு பகுதி நம் கையிலேயே இருக்கிறது. நின்று நின்று ஓடும் வண்டிகளில் டீசலின் செலவு நெடுஞ்சாலையைவிட மிக அதிகம், பேட்டரியோ ஒவ்வொரு பிரேக்கிலும் கொஞ்சம் திரும்பப் பெறும். எனவே அங்கே நிலக்கரி மின்சாரத்திலும் பேட்டரி முந்திவிடும்.

குப்பை வண்டியைப் பாருங்கள். வீட்டுக்கு வீடு நிற்கிறது, தூக்கிக் கொட்டுகிறது, மீண்டும் நகர்கிறது. நாள் ஓட்டம் குறைவு, பாதை மாறாது, மாலையில் அதே கொட்டகைக்குத் திரும்பும். விடியற்காலையில் சத்தமில்லாமல் தெருவுக்குள் வரும் என்பது தூங்குபவர்களுக்குப் பெரிய உபகாரம். பேட்டரிக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியை நினைக்க முடியவில்லை. நகரப் பேருந்தும் அப்படித்தான். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் 16,000க்கு மேற்பட்ட பேருந்துகள் அத்தனையையும் மின்சாரத்துக்கு மாற்றியது. அரசு மானியம் பெரிய காரணம். ஆனால் தினமும் அதே தடம், அதே தூரம், அதே டிப்போ என்ற ஒழுங்கு இல்லாமல் அது இவ்வளவு விரைவாக நடந்திருக்காது.

டிப்போவில் நடக்கும் தவறு பெரும்பாலும் சார்ஜரில்தான். 40 லாரிகள், ஒவ்வொன்றும் தினம் 250 கிலோமீட்டர், வண்டிக்கு 300 யூனிட், மொத்தம் 12,000 யூனிட் வேண்டும். மாலை வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் 150 கிலோவாட் சார்ஜரில் மாட்டினால் 6 மெகாவாட் இணைப்பு தேவை. மின்வாரியம் புதிய துணைமின் நிலையம் கட்டச் சொல்லும், அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். அதே 12,000 யூனிட்டை இரவு பத்து மணி நேரத்துக்குப் பரப்பி, யார் முதலில் கிளம்புகிறாரோ அவருக்கு முதலில் என்று மென்பொருள் பிரித்துக் கொடுத்தால் 1.2 மெகாவாட் போதும். ஐந்தில் ஒரு பங்கு! வண்டி ஆர்டர் கொடுக்கும் முன்பே மின் இணைப்புக்கு விண்ணப்பம் போடுங்கள் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம், வண்டி வந்து நின்ற பிறகும் மின்சாரம் வராத டிப்போக்கள்தான்.

நெடுந்தூரம் முடியாது என்று இருந்ததும் மாறிக்கொண்டிருக்கிறது. மெர்சிடிஸ் பென்ஸின் இ-ஆக்ட்ரோஸ் 600 லாரி, 621 யூனிட் பேட்டரியோடு ஒரு சார்ஜில் 500 கிலோமீட்டர் போகும் என்ற கணக்கில் 2024 இறுதியில் உற்பத்திக்கு வந்தது. ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். நாலரை மணி நேரத்தில் போகும் தூரம் 380 கிலோமீட்டர் அளவு, செலவாவது 475 யூனிட். அதை அந்த 45 நிமிடத்தில் ஏற்ற 630 கிலோவாட் சார்ஜர் வேண்டும். லாரிகளுக்கென்றே வகுக்கப்பட்ட மெகாவாட் சார்ஜிங் முறை 3.75 மெகாவாட் வரை போகக்கூடியது. அதாவது தொழில்நுட்பம் தயார், சாலையோரத்தில் அந்தச் சார்ஜர்களை நடுவதுதான் பாக்கி. பேட்டரி எடை சில டன் என்பதால் சுமை குறையும் என்ற கவலைக்கு, உமிழ்வில்லா லாரிகளுக்கு 2 டன் வரை கூடுதல் எடையை ஐரோப்பா அனுமதிக்கிறது. பேட்டரி தயாரிப்பில் உண்டாகும் உமிழ்வு, யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ என்று வைத்தால் 600 யூனிட் பேட்டரிக்கு 36 முதல் 60 டன். உலகச் சராசரி மின்சாரத்தில் ஓடினாலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டரில் 29 டன் மிச்சமாகிறது. சுமார் இரண்டு ஆண்டில் அந்த உமிழ்வுக் கடன் அடைந்துவிடும்.

சட்டங்களும் இறுகுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய விதிப்படி, புதிய கனரக வாகனங்களின் சராசரி உமிழ்வு 2030க்குள் 45, 2035க்குள் 65, 2040க்குள் 90 சதவீதம் குறைய வேண்டும். சரக்குப் போக்குவரத்தின் உமிழ்வைக் கணக்கிட 2023இல் ஐ.எஸ்.ஓ 14083 என்ற பொதுத் தரம் வந்துவிட்டதால், ஆளுக்கொரு கணக்கு என்ற நிலையும் மாறி வருகிறது.

ஒரு விஷயம் மட்டும் இந்தக் கணக்குகளில் சரியாக வருவதில்லை. புது வண்டி வந்ததும் பழைய டீசல் லாரியை விற்கிறார்கள். அது வேறொருவர் கையில், பெரும்பாலும் ஏழை நாடொன்றில், இன்னும் பல ஆண்டுகள் ஓடுகிறது. விற்றவரின் அறிக்கையில் உமிழ்வு குறைந்திருக்கும், வானத்தில் குறைந்திருக்காது. மிகப் பழைய வண்டியை விற்காமல் உடைத்துவிடுவதற்குப் பணம் ஒதுக்கும் திட்டங்களை நான் அதனால்தான் ஆதரிக்கிறேன்.

பல நாடுகளில் லாரிகளில் பெரும்பகுதி, சில வண்டிகள் மட்டுமே வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களிடம் இருக்கிறது. பலர் தாங்களே ஓட்டுகிறார்கள். மேலே சொன்ன எந்த மென்பொருளையும் அவர்களால் தனியாக வாங்க முடியாது. எலக்ட்ரிக் லாரியின் வாங்கும் விலை அதிகம், ஓட்டும் செலவு குறைவு. அந்த வித்தியாசம் திரும்ப வரப் பல ஆண்டு ஆகும். ஆனால் அவர்களுக்குக் கிடைக்கிற வேலையோ மாதத்துக்கு மாதம், சில சமயம் நாளுக்கு நாள். அடுத்த மாதம் லோடு வருமா என்று தெரியாதவருக்கு எந்த வங்கி பத்து ஆண்டு வண்டிக்குக் கடன் கொடுக்கும்? தங்கள் பொருளைப் பசுமையாக அனுப்புவோம் என்று அறிவிக்கும் பெரிய நிறுவனங்கள் இங்கேதான் கை கொடுக்க வேண்டும். அந்தச் சிறு உரிமையாளருக்கு, ஒரு குறிப்பிட்ட தடத்தில், மாதத்துக்கு இவ்வளவு கிலோமீட்டர் உறுதி என்று ஐந்து ஆண்டு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தாளைக் காட்டினால் அவருக்கு வண்டிக்கடன் கிடைக்கும். தடம் நிலையாக இருப்பதால் சார்ஜர் எங்கே வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.